வேண்டுமென்றே போட்ட தப்பு

எங்கள் வீட்டு மாடியறையில் டியூஷன் நடத்தும் என் கணவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் குறுக்குவழி சார். 98-ஐ 97-ஆல் பெருக்க அவருக்குக் காகிதம் வேண்டாம். நூற்றுக்கு ஒன்றில் இரண்டு குறைகிறது, மற்றதில் மூன்று. 98-இல் மூன்று போனால் 95. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு. முன்னால் ஒரு பூஜ்ஜியம் வைத்து ஒட்டினால் 9506. நான் நெடுவழிக்காரி. நான் எழுதிக் கூட்டி முடிப்பதற்குள் அவர் டீ குடித்துவிட்டே வந்துவிடுவார்.

வகுப்பில் அவருக்கு ஒரு வழக்கம். பலகையில் ஒரு விடையை வேண்டுமென்றே தப்பாகப் போடுவார். முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கலர் சாக்பீஸ்.

போன வருடம் அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியது. இனி இறங்குமுகம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வகுப்பை நிறுத்தலாம் என்றேன்.

"அத மட்டும் என்கிட்டேருந்து புடுங்கிடாத" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "பிள்ளைங்களுக்குத் தெரியற வரைக்கும் நடத்துங்க. தெரிஞ்ச அன்னைக்கு நிறுத்திடணும்" என்றேன். சரி என்றார்.

அந்த வழக்கமே அவரைக் காப்பாற்றியது. தப்புகள் கூடக் கூடப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சாக்பீஸ் டப்பா சீக்கிரமே காலியானது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் சிரித்து வைத்தேன். உள்ளே அழுதுகொண்டிருந்தேன்.

போன வாரம், நாங்கள் வாயாடி என்று கூப்பிடும் சிறுமி என்னை மாடிப்படியில் மடக்கினாள். வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்குகிறவள் அவள்தான். "மேடம், சாருக்கு ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல, போ" என்று விரட்டிவிட்டேன்.

நேற்று அவர் பூஜ்ஜியத்தை விட்டுவிட்டு, 98-க்கும் 97-க்கும் விடை 956 என்று எழுதினார். அதற்குக் கீழே, 78-ஐ 11-ஆல் பெருக்கி 7158 என்று எழுதினார். ஏழும் எட்டும் பதினைந்து. அதில் ஒன்றை ஏழோடு சேர்த்தால் 858 வரும். சேர்க்காமல் பதினைந்தை அப்படியே நடுவில் செருகுவது, அவர் வழக்கமாக வைக்கும் பொறி. திரும்பி, சாக்பீஸை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

ஒரு கையும் உயரவில்லை. வாயாடி பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்துகொண்டாள்.

"என்ன, எல்லாரும் தூங்கிட்டீங்களா? தப்பு எங்க?"

"இன்னைக்குத் தப்பே இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு" என்றாள் வாயாடி. மற்றப் பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

அவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு கணக்க நான் வேணும்னேதானே தப்பா போட்டேன்" என்றார், மெதுவாக.

அவர் சாக்பீஸை வாயாடியின் மேசையில் வைத்தார். அவள் தலையைத் தொட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சிடுச்சு போல. வா, கீழ போலாம்."

956 அப்போதும் அவர் கண்ணில் படவில்லை. அவர் படி இறங்கும் வரை காத்திருந்து, அதை நான் அழித்தேன்.