நாற்பத்தோரு விநாடி

எடிட்டரம்மாவின் விரல்கள் கீபோர்டில் தந்தியடித்துக்கொண்டிருந்தன. நாலு மணிக்குச் சிறப்புக் காட்சி. இப்போதே மூன்று ஐம்பது. அதற்குள் அந்த நாற்பத்தோரு விநாடியைப் படத்திலிருந்து பிடுங்கி எறிந்துவிட வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்த தலைவர் கொலையை வைத்து எடுத்த சிரிப்புப் படம் அது. கொலைகாரன் உள்ளே நுழைகிற நேரத்தில், வாசல் காவலர் வயிற்றைப் பிடித்தபடி கக்கூஸில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறார். அதுதான் அந்த நாற்பத்தோரு விநாடி. நிஜத்தில் அந்தக் காவலர் அவளுடைய அப்பா. பக்கத்து அரங்கில், முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தும் விட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டைரக்டர் வந்தார். திரையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"என்ன எடிட்டரம்மா, என் குடலையே உருவுறீங்க?"

"சார், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். இது மட்டும் வேண்டாம். இருநூறு பேர் சிரிப்பாங்க. அவர் தாங்கமாட்டார்."

"நானா கதை கட்டினேன்? விசாரணைக் கமிஷன்ல உங்கப்பாவே சொன்னது, வயித்துப்போக்குன்னு. பாட்டு மட்டும்தான் என் சரக்கு." அவள் கண்களைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "சரி, பெரியவரையே கேளுங்க. அவர் வேண்டாம்னா தூக்கிடலாம்."

ஓடினாள். அப்பாவின் நாற்காலி அருகே மண்டியிட்டாள்.

"அப்பா, படத்துல நீங்க கக்கூஸ்ல உட்கார்ந்து பாடற சீனை வெட்டி எடுத்துட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"எடுத்துட்டா அந்த இடத்துல என்ன வருது?"

"வாசல்ல உங்க காலி நாற்காலி. அப்புறம் துப்பாக்கிச் சத்தம்."

அப்பாவின் கை அவள் மணிக்கட்டை இறுக்கியது. "அப்போ ஆள் எங்கே போனான்னு கேப்பாங்களே. போய் ஒட்டி வை கண்ணு. வேலை போனப்போ ஊரு சிரிக்காத சிரிப்பா?"

"முப்பது வருஷமாப்பா..."

"மூணு நிமிஷம்தான் இருக்கு. ஓடு."

ஒட்டினாள். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக ஒட்டி, மூன்றாவது தடவை சரியாக ஒட்டினாள்.

காட்சி வந்ததும் அரங்கம் அதிர்ந்தது. படம் ஓட்டும் அறையின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். முதலில் குலுங்கியது அப்பாவின் தோள்கள்தான். பக்கத்து ஆளின் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

அவள் புடவைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

கொலை நடந்த அன்றைக்கு அவர் கக்கூஸ் பக்கமே போகவில்லை. காவலர் அறைக்குள் நின்று, வீட்டிலிருந்து போன் போட்டு அழுத ஏழு வயது மகளுக்கு, எட்டாம் வாய்ப்பாட்டை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.