கதவிடுக்கில் ஒரு கட்டைவிரல்

டக்வெல்லுக்குப் பித்தப்பைக் கல் வர வேறு நாளே கிடைக்கவில்லையா?

செனட்டில் நானும் அவரும் எதிரெதிர் கட்சி. ஜனாதிபதிக்குப் போர் தொடுக்கும் அதிகாரம் தரும் மசோதா வந்திருந்தது. அதில் முடிவுத் தேதியே கிடையாது. ஒரு வருஷம்தான், அப்புறம் திரும்ப வந்து எங்களைக் கேட்கவேண்டும் என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். வீம்புக்கு இல்லை. என் அக்கா மகன் ஐவர் கடற்படையில் இருக்கிறான். அவன் பிறப்பதற்கு முன்னால் கொடுத்த ஏதோ ஒரு பழைய அதிகாரத்தைக் காட்டித்தான் போன தடவை அவனைச் சண்டைக்கு அனுப்பினார்கள். வயிறு எரியுமா எரியாதா?

டக்வெல் என் திருத்தத்துக்கு எதிரி. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் போன் பண்ணினார்.

"தாயே மாரிட், எனக்கு ஜோடி நில்லும்மா."

எங்கள் பழக்கம் அது. வர முடியாதவருக்காக எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தன் ஓட்டைப் போடாமல் நிறுத்திக்கொள்வார். எல்லாம் வாய்வார்த்தைதான். எப்படியும் ஜெயித்துவிடுவோம் என்ற தைரியத்தில், "சரிய்யா, நல்லபடியா வந்து சேரு" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஓட்டு விழ விழப் பார்த்தால், இரண்டு பக்கமும் சமம்! சமம் என்றால் திருத்தம் செத்தது. என் ஒரு ஓட்டு போதும், பிழைத்துவிடும்.

"போட்டுத் தொலையேன்" என்று காதைக் கடித்தார் எங்கள் கட்சிக்காரர் பிராக்கன்.

"சும்மா இருய்யா! அப்புறம் என் வார்த்தையை எவன் நம்புவான்?"

எழுந்து, ஜோடி நிற்கிறேன், ஓட்டுப் போடவில்லை என்று சபைக்குச் சொன்னேன். ஐவர் முகம் கண்ணுக்குள்ளேயே நின்றது.

அப்போது சபையை ஒட்டிய ஓய்வறையின் கதவு திறந்தது. கோட்டு, டை இல்லாமல் சபைக்குள் வரக்கூடாது. ஆனால் ஒரு காலை ஓய்வறையில் ஊன்றிக்கொண்டு கதவிடுக்கில் கட்டைவிரல் காட்டினால் ஓட்டு செல்லும்; மேலே என்றால் ஆதரவு, கீழே என்றால் எதிர்ப்பு. அங்கே டக்வெல், ஆஸ்பத்திரி அங்கியில், முழங்கால் தெரிய நின்றார். கட்டைவிரல் மேலே!

ஓடினேன். "யோவ், மயக்கம் தெளியலையா? நீ கீழே காட்டணும்யா!"

"எல்லாம் தெளிஞ்சுதான் இருக்கேன். வலி மாத்திரைக்கு அந்த டாக்டர் பொண்ணு அஞ்சே நாள் எழுதினா. இன்னும் வேணும்னா நேர்ல வந்து கேக்கணுமாம். எனக்கே மாத்திரைக்கு அப்படின்னா, அந்த ஆளுக்குச் சண்டையைக் காலம் பூரா எழுதிக் குடுக்கறதா? நான்தான் வந்துட்டேனே, ஜோடி கலைஞ்சுது. உன் ஓட்டையும் போடு தாயே. காலையிலேர்ந்து பட்டினி, கீழே போய் பீன்ஸ் சூப்பு வாங்கிக் குடு."

போட்டேன். திருத்தம் பிழைத்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, வரட்டும். இனி ஒரு வருஷம் தாண்டி ஐவரை அனுப்பவேண்டும் என்றால் ஜனாதிபதி எங்கள் முன்னால் வந்து நின்று கேட்கவேண்டும்.

டக்வெல்லுக்கு இரண்டு கிண்ணம் சூப்பு வாங்கிக் கொடுத்தேன்.