நகர்த்தி வைத்த தட்டுகள்

விடுமுறைக்குப் போனால் அலுப்பு தீரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. அந்தப் புண்ணியவான் நிச்சயமாக நாத்தனாரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து மூன்று வேளையும் சாப்பிட்டிருக்க மாட்டார்.

அப்படிச் சாப்பிட வேண்டி வந்தவளுக்கு வேலை ஒரு பெரிய சலவை நிலையத்தில். ஓட்டல்களிலிருந்து வரும் மேஜை விரிப்புகளை நீராவி உருளையில் விட்டு, சுருக்கம் விழாமல் மடித்து அடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. கனத்த உடம்பு வேறு. முழங்கால் இரண்டும் ஒருநாள் கையை விரித்துவிட்டன. நடந்து பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள், யார் யாரோ சொன்ன பொடியெல்லாம் கரைத்துக் குடித்தும் பார்த்தாள். கடைசியில் டாக்டர் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார். மிச்சம் இருப்பது வாழைப்பழம் அளவுக்கு ஒரு பை. நாலைந்து கரண்டி போனால் நிறைந்துவிடும். அதற்கு மேல் ஒரு வாய் வைத்தாலும் நெஞ்சை அடைத்து, வேர்த்துக் கொட்டி, எங்கேயாவது சுருண்டு படுத்தால் போதும் என்றாகிவிடும். ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்ல வேண்டும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் கூடவே கூடாது.

இது அவளுக்கும் கணவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். உறவுக்காரர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லிப் பூசி மெழுகிவிட்டார்கள்.

எல்லாம் நாத்தனாருக்குப் பயந்துதான். கணவனின் அக்கா அவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். இந்த வயதிலும் ஈர்க்குச்சி மாதிரி இருப்பார், தினமும் விடியற்காலையில் ஓடுவார். உலகத்தில் குண்டாக இருக்கிற அத்தனை பேரும் சோம்பேறிகள், மனசு வைத்தால் இளைக்கலாம் என்பது அவருடைய கட்சி. தம்பி மனைவிக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்பதைக் கல்யாணமான புதிதிலிருந்து சொல்லி வருகிறார். முகத்துக்கு நேரே சொல்வார், முதுகுக்குப் பின்னாலும் சொல்வார். அந்த விஷயத்தில் வஞ்சனை இல்லாத மனுஷி.

ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு மளமளவென்று இறங்கியது. ஒருநாள் வீட்டுக்கு வந்த நாத்தனார் அவளை வாசலிலேயே நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, தோளில் தட்டிக் கொடுத்தார். மனசு வைத்தாய் பார், முடிந்ததா இல்லையா என்றார். அந்தக் குடும்பத்தில் அவள் வாங்கிய முதல் நல்ல பெயர் அது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. வராமல் போனதில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைப்பானேன். அப்புறம் நாத்தனார் அவள் கதையைப் பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொன்னதாகக் கேள்விப்பட்டபோதுதான் வசமாக மாட்டிக்கொண்டது புரிந்தது. இனி எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

இந்த லட்சணத்தில்தான் கடற்கரைக்கு விடுமுறை. நாத்தனாரின் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆக நாத்தனார், அவர் மகள், தம்பி, தம்பி மனைவி என்று நாலு பேர். மகளுக்குப் பதினைந்து வயதாகியும் வீட்டில் பெயர் குட்டி. உடம்பு மட்டும் அந்தப் பெயருக்குக் கட்டுப்படவில்லை. அம்மாவைக் கொள்ளாமல் மாமாவைக் கொண்டு பிறந்த பெண், கன்னமும் கையும் கொழுகொழுவென்று இருப்பாள். அம்மாவுக்கு அதுதான் தீராத மனக்குறை.

நாத்தனார் பிடித்த ஓட்டலில் அறையோடு சாப்பாடும் சேர்த்தி. வேண்டும் வேண்டாம் என்ற பேச்சே இல்லை, உட்கார்ந்ததும் ஆளுக்கொரு தட்டு வந்துவிடும். ஒவ்வொரு தட்டிலும் அவளுடைய ஒரு நாள் சாப்பாடு இருக்கும். மிச்சம் வைத்தால் பரிமாறுகிறவர் வந்து நிற்பார். பிடிக்கலையா, சூடு ஆறிடுச்சா, வேற கொண்டுவரட்டுமா என்று அக்கறையாகக் கேட்டே உயிரை வாங்குவார். அவர் கேட்டால் நாத்தனார் திரும்புவார். நாத்தனார் திரும்பினால் விசாரணைதான். வாயைக் கட்டுகிறவள் என்றாலும் பாதித் தட்டாவது காலியாக வேண்டாமா? நாலு கரண்டியில் எந்த மனுஷி எழுந்திருப்பாள்?

அதற்குக் கணவன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவன் லிப்ட் மெக்கானிக். இருட்டுக்குழிக்குள் இறங்கி, கண்ணால் பார்க்காமல் கையால் தடவியே திருகாணி மாட்டிப் பழகியவன். அவள் பக்கத்திலேயே உட்காருவான். நாத்தனார் ஏதாவது பழைய பந்தயக் கதையை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் கையை நீட்டும் நேரமாகப் பார்த்து, அவள் முழங்கையால் லேசாக இடிப்பாள். அவன் முகம் அக்காவையே பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருக்கும். கை மட்டும் கீழே வேலை செய்யும். காலித் தட்டு இந்தப் பக்கம் வரும், நிறைந்த தட்டு அந்தப் பக்கம் போகும். தன் பக்கம் வந்த தட்டை அவன் பேசாமல் தின்று தீர்ப்பான்.

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. முதல் நாள் அறைக்கு வந்து இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்த நாள் சிரிப்பு குறைந்தது. அதற்கடுத்த நாள் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவன் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தான். மூச்சு வாங்கியது. இன்னும் எத்தனை வேளை பாக்கி என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் அவளை என்னவோ செய்தது. ஜெலுசில் மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒருத்தி சாப்பிட முடியாமல் களைத்திருந்தாள், ஒருத்தன் சாப்பிட்டே களைத்திருந்தான். பணம் கொடுத்து வாங்கிய களைப்பு.

அன்று மதியம் மீன் வந்தது. வறுத்த மீன், அவித்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் ரொட்டி. மேஜை விரிப்பில் ஒரு மூலை சரியாக உலரவில்லை என்று அவளுக்குத் தொட்டதுமே தெரிந்தது. விடுமுறையிலும் கை வேலையை மறக்கவில்லை பாருங்கள். நாத்தனார் ஏதோ ஓட்டப்பந்தயத்தில் கடைசிச் சுற்றில் தான் மூன்று பேரை முந்திய கதையை ஆரம்பித்தார். அவள் மூன்று கரண்டி மென்றாள். நாலாவது கரண்டி போதும் என்றது. முழங்கையால் இடித்தாள். தட்டு போனது, தட்டு வந்தது.

அவன் அந்த இரண்டாவது தட்டையும் காலி செய்து முடித்தபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். கணவனின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தட்டு மெதுவாக நகர்ந்து வந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது குட்டி. தட்டில் மீன் முழுசாக இருந்தது, கிழங்கில் மட்டும் ஒரு ஓரம் போயிருந்தது. கணவன் கீழே பார்க்கவே இல்லை. தன் பக்கம் வந்த தட்டு தான் தின்ன வேண்டிய தட்டு என்று அவன் கைக்குப் பழகிப்போயிருந்தது. காலித் தட்டை அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, அக்காவுக்குத் தலையாட்டியபடி மூன்றாவது மீனைப் பிட்டான்.

அவளுக்குத் திக்கென்றது. இது இன்று தொடங்கியது இல்லை. வந்த நாளிலிருந்து குட்டி தன்னைப் போலவே ஒவ்வொரு வாயையும் மென்று மென்று விழுங்குவதை அவள் கவனித்திருந்தாள். தண்ணீர்த் தம்ளரைத் தள்ளி வைப்பதையும் பார்த்திருந்தாள். நம்மைப் பார்த்து ஒரு பிள்ளை கற்றுக்கொள்கிறதே என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டாள். இப்போது நினைத்தால் வெட்கமாக இருந்தது. அன்று காலை கடற்கரையிலிருந்து ஏறி வரும்போது படியில் உட்கார்ந்துவிட்டாள் அந்தப் பெண். வெயில் என்றாள். எல்லோரும் வெயில் என்றே நம்பினார்கள். இப்போது குட்டியின் கண் மாமாவின் கையை விட்டு அகலவில்லை. மீன் தட்டிலிருந்து அவன் வாய்க்குப் போகிறவரை பார்த்தாள், அடுத்த துண்டுக்காக அவள் பார்வை தட்டுக்குத் திரும்பி வந்தது. மடியில் இருந்த கைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

சொன்னால் ஆயிற்று. ஆனால் எங்கே, யாரிடம்? குட்டியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அந்தப் பெண் அம்மாவிடம் சொல்லாமல் இருக்குமா? சொல்லாதே என்று அதன் தலையிலும் ஒரு பொய்யைக் கட்டுவதா? அவள் இப்படி மென்று முழுங்கிக்கொண்டிருக்கும்போதே நாத்தனாரின் கதை முடிந்துவிட்டது. பார்வை தம்பியின் தட்டில் விழுந்தது.

தம்பிக்கு நல்ல டோஸ் விழுந்தது. வாயா இல்லை வேறு ஏதாவதா, மூன்று நாளாகப் பார்க்கிறேன், தட்டு மேல் தட்டாக வாங்குகிறாய், அடங்கவே மாட்டேன் என்கிறது, பெண்டாட்டி கல்லு மாதிரி உறுதியாக இருக்கிறாள், உனக்கு வெட்கமாக இல்லையா என்று பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். கணவன் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, மீன் நல்லாயிருக்கு அக்கா, அதான் என்றான். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தான்.

"குட்டியைப் பாத்துக் கத்துக்கடா. அத்தையைப் பாத்துப் பாத்து ஒரே தட்டோட எப்படி வாயைக் கட்டியிருக்கா. நான் சொல்லி வரலை, தானா வந்தது" என்றார் நாத்தனார். மகளைப் பெருமையாகப் பார்த்தார். அந்தப் பெண் காலித் தட்டைப் பார்த்தபடி சிரிக்க முயன்றது.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

"அண்ணி, அவரைத் திட்டாதீங்க. அவர் சாப்பிட்டது என் தட்டு. இப்ப சாப்பிடறது குட்டியோட தட்டு."

நாத்தனாருக்குப் புரியவில்லை. என்ன தட்டு, யார் தட்டு என்றார்.

"எனக்குப் பித்தப்பையில கல்லெல்லாம் இல்ல. வயித்தை வெட்டி எடுத்திருக்காங்க. நாலு கரண்டிக்கு மேல என்னால முடியாது. நான் வாயைக் கட்டலை அண்ணி. எனக்குப் பசியே கிடையாது."

கணவன் கரண்டியைக் கீழே வைத்தான். பரிமாறுகிறவர் சரியாக அந்த நேரம் பார்த்து வந்து, எல்லாம் நல்லாயிருக்கா என்று கேட்டார். தானே தலையாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நாத்தனாரின் முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. அத்தனை பிள்ளைகள் முன்னால் நான் சொன்னதெல்லாம் என்ன ஆவது என்று கேட்டார். கத்தி வைத்து இளைப்பதற்குப் பெயர் சாதனையா, அதற்கா நான் கை தட்டச் சொன்னேன் என்றார். குரல் தணிவாகத்தான் இருந்தது. அவர் கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். தோளில் தட்டிய கை இனி தட்டாது. அது தெரிந்துதான் வாயைத் திறந்தாள். ஆனாலும் வலித்தது. அந்த நல்ல பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது.

"அப்ப உங்களுக்கு நெஜமாவே பசிக்காதா அத்தை?"

குட்டிதான் கேட்டாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"பசிக்காது கண்ணு. டாக்டர் பசிக்கிற எடத்தையே எடுத்துட்டாரு. மணியைப் பாத்துத்தான் சாப்பிடறேன்."

குட்டி கைத்துண்டை மேஜைமேல் வைத்தாள். அது கசங்கிச் சுருண்டிருந்தது.

"எனக்குப் படுத்தாக்கூடப் பசிக்குது. அத்தைக்கும் இப்படித்தானே பசிக்கும், அவங்க தாங்கிக்கிறாங்களே, உனக்கு மட்டும் என்ன கேடுன்னு என்னையே திட்டிப்பேன். நான்தான் மட்டமான பொண்ணுன்னு நெனச்சேன்மா."

'அம்மா' என்று முடிந்த அந்தப் பேச்சு அத்தைக்குச் சொன்னது இல்லை. நாத்தனாருக்கு அது போய்ச் சேர்ந்தது. தம்பியின் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். அதில் பாதி மீனும் கிழங்கும் ரொட்டியும் மிஞ்சியிருந்தன. அதை இழுத்து மகளின் முன்னால் வைத்தார்.

குட்டி ஒரு நிமிஷம் அம்மாவின் முகத்தையே பார்த்தாள், இது சோதனையோ என்பது போல. அப்புறம் தின்னத் தொடங்கினாள். மெல்லவும் இல்லை, எண்ணவும் இல்லை. கிழங்கு, மீன், ரொட்டி எல்லாம் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டாள். தண்ணீரை மடக்மடக்கென்று குடித்தாள். கன்னம் உப்ப, கண்ணில் நீர் முட்ட, மூக்கை உறிஞ்சிக்கொண்டே சாப்பிட்டாள். அத்தைக்குப் பார்க்கப் பார்க்க ஆறுதலாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அப்படி ஒரு பசி தனக்கு இனி வரப்போவதில்லை.

தட்டு காலியானதும் குட்டி நிமிர்ந்தாள். கேட்கலாமா கூடாதா என்று தெரியாமல் அம்மாவையும் அத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் தன் தம்பி மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. அன்று முழுக்கத் திரும்பப் போவதும் இல்லை. கையைத் தூக்கிப் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார். அவர் வழக்கம்போல ஓடி வந்து, ஏதாவது குறையா என்று கேட்டார்.

"இன்னொரு மீன் தட்டு வேணும்" என்றார் நாத்தனார். மகளின் காலித் தட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "என் பொண்ணுக்குப் பசிக்குது."