வாடை இல்லாத நாள்

மன்னார்குடி ரோட்டில் எங்கள் தெருவுக்குப் பின்னால் அரிசி ஆலை வந்து ஆறு வருஷம் ஆகிறது. நெல் ஊறவைத்த தண்ணீரை ஆலைக்காரன் அப்படியே வாய்க்காலில் விடுகிறான். அது அழுகி நாறுகிறது. கொடியில் காயும் துணியெல்லாம் உமிக்கரி. ஒன்பது மனு போட்டேன். ஒருத்தன் எட்டிப் பார்க்கவில்லை.

நேற்றுதான் ஒருவழியாக அதிகாரி வந்தார். வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்!

"நீங்க வர்றது தெரிஞ்சு ஆலைய நிறுத்திட்டானுங்க சார். இன்னிக்குப் பாத்து வாடையே இல்ல. நாளைக்குச் சொல்லாம வாங்க, குடலப் புடுங்கும்."

அதிகாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஜீப் ஓட்டிவந்தவர் வேலியோரம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இந்த நாத்தத்துல எப்படிம்மா குடியிருக்கீங்க?"

நான் திரும்புவதற்குள், மூக்கில் வைத்த கைக்குட்டையை எடுக்காமலே அதிகாரி எழுதி முடித்திருந்தார்: 'ஆய்வின்போது வாடை எதுவும் இல்லை என மனுதாரர் செலின்மேரியே தெரிவித்தார்.'