உப்பு பார்க்க ஓர் ஆள்

கொச்சி மட்டாஞ்சேரியில் கல்யாணச் சமையல்காரர் சைபுதீன் பண்டாரி பிரியாணிக்குத் தம் போட்டால் கல்யாண வீட்டார் கவலையில்லாமல் இருக்கலாம். அப்பேர்ப்பட்ட மனிதர் உடம்பெல்லாம் தடிப்பும் மூச்சுத் திணறலுமாக அடிக்கடி ஆஸ்பத்திரிக்கு ஓட ஆரம்பித்தார். பழியெல்லாம் விழுந்தது மனைவி ஃபாத்திமாவின் மீன்கறி மேல். மத்தியானம் கல்யாணச் சமையல், சாயங்காலம் வீட்டில் மீன்கறி, கொஞ்ச நேரத்தில் அரிப்பு. வேறென்ன நினைப்பார்? கொச்சியில் இருந்துகொண்டு மீனையே ஒதுக்கினார். ஃபாத்திமா பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் கூடியது.

மீனை விட்டும் அரிப்பு விடவில்லை. பக்கத்து ஊரான சுள்ளிக்கல்லில் டாக்டர் சுபாஷிணி, பாலக்காட்டுக்காரர், துருவித் துருவிக் கேட்டார்.

"உண்ணி ஏதாவது கடிச்சதுண்டோ?"

"ஆட்டை நானே பட்டிக்குள்ள போய்த் தடவிப் பாத்துத்தான் வாங்குவேன் டாக்டர். கடிக்காம இருக்குமா?"

ரத்தப் பரிசோதனையில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. உண்ணிக் கடியால் வந்த ஒவ்வாமை. ஆடு, மாடு இறைச்சி ஆகாது. தின்று சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். பாவம், மீன் ஒரு தப்பும் செய்யவில்லை.

"இனிமே உண்ணி கடிக்காம பாத்துண்டா, போகப்போகக் குறையலாம். அதுவரைக்கும் இறைச்சிச் சாறுகூட வாயில வைக்கப்படாது."

சைபுதீன் தொழிலை நினைத்தார். தம் மூடுமுன் ருசி பார்க்காத பண்டாரியை யார் கூப்பிடுவார்கள்? ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர் அனீஸ் வீட்டுக் கல்யாணம் வேறு. மட்டன் பிரியாணி.

வேறு வழியில்லாமல் ஃபாத்திமாவைக் கூட்டிப்போனார். ஆண்கள் மட்டுமே புழங்கும் அடுப்படியில் அவள் கரண்டியால் மசாலாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கம்மி."

"எப்பவும் போடறதுதானே போட்டிருக்கேன்?"

"இருக்கட்டும். கம்மிதான்."

வேலையாட்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் சட்டியில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. சைபுதீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மீன் விஷயத்தில் தப்பு யார் பேரில் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கி, சோற்றைப் பரப்பி மூடினார்.

பந்தி முடிந்ததும் அனீஸ் ஓடிவந்தார்.

"சைபுக்கா, நீங்க வெச்சதுலயே இதாக்கும் பிரியாணி! பெருநாள் கழிஞ்சு தம்பிக்கு நிக்காஹ். நீங்கதான் வரணும்."

சைபுதீன் உடனே தலையாட்டவில்லை. ஃபாத்திமாவைக் கை காட்டினார்.

"அவகிட்டக் கேளுங்க. அவளுக்குத் தோதுப்பட்டாத்தான் எனக்கும்."