துள்ளாத பலகை

பொழுது புலருமுன்பே சிமெண்டுக் கிடங்கில் பாரம் ஏற்றும் வேலை தொடங்கிவிடும். கிடங்கு வாசலிலிருந்து லாரிவரை சாய்த்துப் போட்ட ஒற்றைப் பலகையில், முதுகில் மூட்டையுடன் வரிசையாக ஏற வேண்டும். பலகை துள்ளும். ஒருவர் நடை பிசகினால் பின்னால் வருபவரையும் கவிழ்த்துவிடும்.

சென்ற மழைக்காலத்தில் அந்த ஈரப் பலகையிலிருந்துதான், ஒட்டகம் என்று எல்லோரும் அழைக்கும் நெடிய மனிதர் மூட்டையோடு விழுந்தார். கணுக்கால் எலும்புகள் முறிந்து, பாதம் கணுக்கால் மூட்டிலிருந்து விலகிப் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. தகடும் திருகாணிகளும் வைத்துத் தைத்தார்கள். முதலாளி அவர்கள் செய்த பண உதவி அந்தச் செலவுடன் நின்றது. தையல் ஆறாமல் சீழ் வைத்தது. மறுபடி திறந்து கழுவினார்கள். எலும்பு கூடியது, ஆனால் மூட்டு இறுகிவிட்டது, பாதம் மேல்நோக்கி மடங்கவில்லை. மாலையானால் வீங்கிப் பளபளக்கும். புண்ணும் முழுதாக ஆறாததால் கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. இப்போதைக்குப் பாரம் சுமக்கவே கூடாது என்றார் மருத்துவர். இன்று வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லியனுப்பினார் முதலாளி அவர்கள்.

ஒட்டகம் வந்தார். அவருக்குப் பின்னால் ஏற ஒருவரும் முன்வரவில்லை. அவர் மனைவியின் தம்பிகூடத் தலைகுனிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க மச்சான். நீங்க தடுமாறினா எனக்கும் இதே கதிதான்."

"தெரியும் மாப்ளே. நானா இருந்தாலும் ஏறமாட்டேன்."

தனியாகவே ஏறினார். நல்ல காலை ஊன்றி, இறுகிய காலைப் பக்கவாட்டில் இழுத்து, நின்று, மறுபடி ஊன்றினார். பலகை துள்ளவேயில்லை. அதை உற்றுப் பார்த்த மைத்துனர், எட்டிச் சென்று அவர் முதுகு மூட்டையைத் தம் முதுகுக்கு மாற்றிக்கொண்டார்.

"சுமையை நாங்க பாத்துக்கறோம். நடையை மட்டும் நீங்க நடங்க மச்சான்."

ஒட்டகம் நின்ற இடத்திலெல்லாம் பின்னால் வந்த மைத்துனரும் நின்றார். பிறகு மற்றவர்களும் அவ்வாறே ஏறினார்கள். வெயில் வந்தும் லாரி பாதிகூட நிறையவில்லை. முதலாளி அவர்கள் வெளியே வந்தார்.

"என்னய்யா, முட்டை மேலயா நடக்கிறீங்க? நொண்டுறது அவன். உங்களுக்கு என்ன கேடு?"

"பலகை ஒண்ணுதானே முதலாளி," என்றார் மைத்துனர். "அவர் நடைதான் எங்க நடை. கால் தேறுற வரைக்கும் அவருக்கு வீட்டுலயே சம்பளம் குடுங்க. கைப்பிடி வச்ச அகலப் பலகை போடுங்க. அப்புறம் ஓடிக்கூட ஏறுறோம்."

"நாளைக்கே வேற ஆளுங்களை இறக்கிடுவேன்."

"இறக்குங்க. அவங்களுக்கும் கணுக்கால் இருக்குல்ல? இங்க நடந்ததைச் சொல்லி வைக்கிறோம்."

முதலாளி அவர்கள் தம் அலுவலக அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினார். கட்டுத்துணியில் ஈரம் கசிவதை ஒட்டகம் உணர்ந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு காலை எடுத்து வைத்தார். பின்னால் அத்தனை கால்களும் அதற்காகக் காத்திருந்து, பிறகே அசைந்தன.