ஈரத்துணி தொட்ட தட்டு

'ஒண்ணும் பண்ணாதீங்க' என்று சொன்னால் ஒன்றும் பண்ணாமல் இருக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்துகிறேன். கையை ஆட்டாதீங்க என்றால் முப்பத்தொன்பது பேர் ஆட்ட மாட்டார்கள். அந்த நாற்பதாவது ஆள்தான் ஈரத்துணி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு, யாரும் கூப்பிடுவதில்லை. ஈரத்துணி என்று பட்டம் கட்டியது என் வீட்டுக்காரர். யார் வீட்டில் இசைத்தட்டைக் கண்டாலும் இந்த மனிதர் சட்டைப்பையிலிருந்து ஒரு ஈரத்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற உத்தியோகம். கோடு மயிரிழை கோணினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுவாராம். இருபத்தாறு வருஷமாக நான் அவருக்கு டீ ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், குடித்துவிட்டு டம்ளரையும் துடைத்துத்தான் வைப்பார்.

இவர்கள் நாலு பேர் ஒரு செட்டு. என் வீட்டுக்காரர், ஈரத்துணி, பல் டாக்டர், பஸ் டிரைவர். நாலு பேருக்கும் ஜாஸ் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் கூடுவார்கள். சட்டம் போட்டது என் வீட்டுக்காரர். அன்று காலை அவரவர் வீட்டு பிளேயரில் எந்தத் தட்டு கிடக்கிறதோ அதை அப்படியே எடுத்துவர வேண்டும், பீரோவைத் திறந்து பெருமைக்குப் பொறுக்கக் கூடாது. ஒரு பக்கம் முழுக்க ஓடி முடிகிறவரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. கடைசியில் சீட்டுக் குலுக்கி, ஒருவர் தட்டு இன்னொருவர் வீட்டுக்கு ஒரு வாரம் போகும்.

பக்கம் முடிந்ததும் வாய் திறப்பார்கள், அப்புறம் மூடுவதே கிடையாது. மூன்று நிமிஷ ட்ரம்பெட்டைப் பற்றி என் வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் பேசுவார். கொஞ்சம் வாயை மூடுங்களேன் என்று சமையலறையிலிருந்து எத்தனை தடவை கத்தியிருப்பேனோ, கணக்கே இல்லை. இப்போது அதை நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பதினோரு மாதத்துக்கு முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. கூட்டம் பல் டாக்டரின் கிளினிக்குக்கு மாறியது. ஞாயிறு அங்கே நோயாளிகள் வருவதில்லை என்பதால் வரவேற்பு அறை காலியாக இருக்கும். இவருக்குப் பதிலாக நான் தட்டைத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தேன். போகாவிட்டால் மூன்று பேரும் வீட்டுக்கே வந்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊமைகளாக உட்கார்ந்திருப்பார்கள். அதை என்னால் சகிக்க முடியவில்லை.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவாள். நாற்காலி, குடை, பூனை என்று படம் படமாகக் காட்டுவாள். இவர் எல்லாவற்றுக்கும் "ம்" என்பார். ஆறு மாதம் வெறும் "ம்".

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம் ஒரு பழைய ட்ரம்பெட் தட்டைப் போட்டேன். அதில் இரண்டாவது பாட்டில் ஊசி மாட்டிக்கொள்ளும். ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். நான் அடுப்படியில் இருந்தேன், உடனே வர முடியவில்லை. ஆறோ ஏழோ தடவை சுற்றியிருக்கும்.

"அடியே, ஊசியத் தூக்குடி, தேயுது!"

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவரே மிரண்டுபோய் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை என்று கெஞ்சினேன். "ம்" என்றார்.

மறுநாள் அதே தட்டு, அதே இடம், அதே கத்தல். எரிச்சல் வந்தால் சிலருக்கு இப்படித் தானாக வரும் என்றாள் பயிற்சிப் பெண். "விட்டுடாதீங்கம்மா. அந்த ஒரு வாக்கியத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் மத்ததெல்லாம் வரணும்" என்றாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தட்டுதான். ஊசி மாட்டும். கேட்காத மாதிரி கதவோரம் நிற்பேன். அவர் திட்டுவார். நான் போய்த் தூக்குவேன். என் நாளில் அதற்காகத்தான் காத்திருப்பேன்.

இதை நான் அந்த மூவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை பீரோவிலிருந்து வேறு தட்டை எடுத்துக்கொண்டு போவேன். நாலு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

போன மாதம் டிரைவர் வாயைக் கிளறினார். "அண்ணி, தப்பா நினைக்காதீங்க. நீங்க கொண்டுவர்ற எதுலயும் தூசே இல்ல, எடுத்துப் போட்ட மாதிரியே தெரியல. நிஜமா உங்க வீட்ல என்னதான் சுத்துது? அண்ணன் சட்டம்னா சட்டம்தானே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வந்தால் எனக்கு முன்பின் யோசனை கிடையாது. அடுத்த ஞாயிறு பிளேயரில் கிடந்ததை அப்படியே உருவிக்கொண்டு போய் அவர் மடியில் வைத்தேன். "இதுதான் சுத்துது. தினமும் இதுதான். போதுமா?"

போட்டார்கள். இரண்டாவது பாட்டில் மாட்டியது. மூன்று பேரும் முகத்தைச் சுளித்தார்கள், டாக்டர் மெதுவாகத் தள்ளிவிட்டார். சீட்டுக் குலுக்கினார்கள். என் தட்டு விழுந்தது ஈரத்துணிக்கு! வீம்புக்குக் கொண்டுவந்துவிட்டு இப்போது தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஒண்ணும் பண்ணாதீங்க. புரியுதா? மாட்டினா மாட்டட்டும். அப்படியே திருப்பிக் கொடுங்க."

"நான் ஏன் அண்ணி பண்ணப் போறேன்?" என்றார். கை அப்போதே சட்டைப்பையில் இருந்தது.

அந்த ஒரு வாரமும் ஆறு மணிக்குத் திட்டு விழவில்லை. வேறு தட்டுகள் போட்டேன். ஒரு வார்த்தை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஈரத்துணி தட்டைப் புது உறையில் போட்டு, முகமெல்லாம் பல்லாகக் கொடுத்தார்.

சாயங்காலம் போட்டேன். கதவோரம் நின்றேன். இரண்டாவது பாட்டு வந்தது. அந்த இடம் வந்தது. ஊசி ஒரு நொடிகூட நிற்கவில்லை, ட்ரம்பெட் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், திட்டுவதற்கு இடது கையைக்கூடப் பாதி தூக்கியிருந்தார். அந்தக் கை அப்படியே மடியில் இறங்கியது. பக்கம் முடிந்து ஊசி தானாக ஓய்ந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஈரத்துணிக்குப் போனைப் போட்டேன்.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"அண்ணி, கேட்டீங்களா?" குரலில் அத்தனை குஷி. "உள்ள ஒரு துகள் இறுகிக் கிடந்தது. மூணு நாள் ஊறப் போட்டு, பல்குச்சிய சீவி, பூதக்கண்ணாடி வச்சு எடுத்தேன். அண்ணனுக்கு என் அன்பளிப்பு!"

"அன்பளிப்பா? நல்லா இருப்பீங்க! உங்கள யாரு கேட்டா? ஒண்ணும் பண்ணாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே!" அதற்குமேல் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தேன். ஈரத்துணி மெதுவாக, "அந்தத் துகள் இருக்கு அண்ணி. டப்பால எடுத்து வச்சிருக்கேன். தேதி போட்டு" என்றார்.

துகளுக்குத் தேதி! இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுநாள் ஐந்தரைக்கு மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். டாக்டர் பல் பார்க்கிற உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்திருந்தார், இடுக்கி, பல் குடைகிற கூர்க்கொக்கி எல்லாம் ஒரு ட்ரேயில். சாப்பாட்டு மேஜை ஆபரேஷன் மேஜையாகிவிட்டது. என் வீட்டுக்காரர் தன் நாற்காலியில் உட்கார்ந்து நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

துகளைப் பழைய இடத்தில் வைத்தார்கள். ஊசி அதைத் தள்ளிவிட்டுப் போயிற்று. மறுபடி வைத்தார்கள். பல் ஒட்டுகிற பசை வைக்கலாமா என்று டாக்டர் யோசித்துக்கொண்டிருக்கும்போது டிரைவர் தும்மினார். துகள் போயே போயிற்று. மூன்று பேரும் தரையில் மண்டி போட்டுத் தேடினார்கள். பெருக்கி அரை மணிகூட ஆகாத தரையில் அவர்களுக்கு எட்டுத் துகள் கிடைத்தது.

"எந்திரிங்க எல்லாரும்" என்றேன். "கீறி விட்டுடுங்க. அதே இடத்துல ஒரு கீறல். மாட்டும்ல?"

மூன்று பேரும் என்னைக் கொலைகாரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள்.

"அண்ணி, தட்டையா?" என்றார் டிரைவர்.

"என்னால முடியாது. கை ஓடாது" என்றார் டாக்டர். மற்றவர்கள் பல்லை ஈவு இரக்கம் இல்லாமல் பிடுங்குகிற மனிதர்.

"கொடுங்க, நானே கீறுறேன்" என்று கொக்கியைப் பிடுங்கினேன்.

"வேணாம். நீங்க கீறுனா நாலு வரி சேர்ந்து போயிடும்" என்றார் ஈரத்துணி. முகம் வெளுத்திருந்தது. "நான்தானே கெடுத்தேன், நானே பண்றேன். இடம் எனக்குத்தான் தெரியும்."

தட்டைப் பிளேயரில் வைத்தார். குனிந்தார். வாழ்நாளில் ஒரு தட்டின்மேல் விரல் ரேகைகூடப் பட விட்டதில்லை அவர். கண்ணை இறுக்க மூடினார், திறந்தார், முனையை இறக்கினார். இன்னும் ஒரு நூல் இடைவெளிதான் பாக்கி.

"டேய்! தட்டுல கைய வைக்காதடா!"

கொக்கி கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியின் கையைப் பிடித்துப் பாதி எழுந்திருந்தார். முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. "வைக்காத" என்றார் மறுபடியும். "வைக்காத."

நான் விரலை மடக்கி எண்ணினேன். தட்டு. கை. வைக்காதே. அத்தனையும் புது வார்த்தை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் வீட்டுக்காரர் கால்மாட்டில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. தட்டில் கீறல் இல்லை, இரண்டாவது பாட்டு இடறாமல் ஓடுகிறது. ஆனால் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு ஈரத்துணி வந்தாக வேண்டும். இரண்டு பஸ் மாறி வருகிறார். பல் டாக்டரின் கொக்கியை எடுத்துத் தட்டின்மேல் நீட்டுகிறார். என் வீட்டுக்காரர் கத்துகிறார். ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை கூடுதலாகவும் வருகிறது, சில நாள் அது எழுத முடியாத வார்த்தை. பயிற்சிப் பெண் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்கிறாள்.

வேலை முடிந்ததும் போக வேண்டாமா இந்த மனிதர்? போவதில்லை. டீ குடிக்கிறார். போன வாரம் வாங்கிய தட்டைப் பற்றி ஆரம்பிக்கிறார். ஜன்னல் கம்பியைத் துடைக்கிறார், என் மசாலா டப்பாக்களைத் துடைக்கிறார், எட்டு மணிவரை பேசுகிறார். எனக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ஆனால் என்ன சொல்ல முடியும்? வாயை மூடிக்கொண்டு இன்னொரு டம்ளர் டீ போட்டேன் நேற்றும்.

டீயோடு ஹாலுக்கு வந்தேன். ஈரத்துணி அலமாரி முன்னால் நின்று பேசிக்கொண்டே துடைத்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி நேராக என்னைப் பார்த்தார். கோபமாகக் கத்தவில்லை. சாதாரணமாக, பழைய குரலில் கேட்டார்.

"இவன் இன்னும் போகலையா?"

இருபத்தாறு வருஷமாக நான் கேட்க நினைத்த கேள்வி அது. சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டாவது இந்த மனிதர் கிளம்புவார் என்று பார்த்தால், அந்த ஈரத்துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.